மாமனார் பேரில் ஓடிய வண்டி

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்மேல் பரிதாபப்பட வேண்டாம். நான் வருடக்கணக்கில் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் பெட்ரோல் டேங்கின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியவன். அந்த டேங்குக்குக் கடைசிவரை ஒரு கீறல் விழவில்லை. அதைக் காப்பாற்றிய அளவுக்கு வேறு எதையும், யாரையும் நான் காப்பாற்றவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போனது தலை ஒன்று, அதுவும் பெரிய உபயோகத்தில் இல்லாத தலை என்று விட்டுவிடலாம். எனக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்களை நம்பவைத்ததுதான் வினை. என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே தெளிந்துவிட்டாள். கடைசிவரை நம்பியவர் அவளுடைய அப்பா.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரன். விசைத்தறியில் நெய்த துண்டு, லுங்கிகளை மூட்டை கட்டி, பைக்கின் பின்சீட்டில் ஏற்றி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. அலிபிரியில் மலையேறத் தொடங்குகிறவர்கள் முகம் துடைக்க ஒரு துண்டு வாங்குவார்கள். அவர்களுடைய வேர்வையில்தான் என் குடும்பம் நடந்தது.

நீலத் தார்ப்பாய் போர்த்திய மூட்டை என் தலைக்கு மேல் நிற்கும். ஹெல்மெட் போட்டால் அதன் பின்பக்கம் மூட்டையில் இடித்துக் கழுத்தை முன்னால் தள்ளும். சாலையைப் பார்ப்பதற்குப் பதிலாக ஸ்பீடோமீட்டரையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். இதை நான் விளக்கும்போது யாருக்குமே அது நல்ல காரணமாகத்தான் தோன்றும். கம்பத்தின் மேல் இருக்கும் கேமராவுக்கு மட்டும் விளக்க முடியாது.

அந்த பைக் கல்யாணத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் பைக் கொடுத்தால், காசு கொடுத்தவர் பேரிலேயே ஷோரூமிலிருந்து வெளியே வரும். பிறகு மாப்பிள்ளை பேருக்கு மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் மாற்றமாட்டார்கள். மாமனார் தாமாக "பேர மாத்திக்கங்க" என்றால் கொடுத்ததைக் கைகழுவுகிறார் என்று பேச்சு வரும். மாப்பிள்ளை கேட்டால் அல்பம் என்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றிக்கொள்வதில் வண்டி பழசாகிவிடும். நகரி முதல் சத்தியவேடு வரை பாதி மருமகன்கள் மாமனார் பேரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

என் மாமனார் பாலசமுத்திரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். தோப்புக்கு நடுவில் வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு டிராக்டர். போலீஸ் ஸ்டேஷன் வாசலை அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். பைக்கின் ஆர்.சி.யில் அவர் பேர், அவர் ஊர், அவர் போன் நம்பர். அதனால் நான் ஹெல்மெட் இல்லாமல் கேமராவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், எங்கேயோ மாமரத்தடியில் அவருடைய சட்டைப் பையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது.

அந்தச் சத்தத்தை நான் எப்படிக் கையாண்டேன் என்பதுதான் என் அறிவாளித்தனத்தின் உச்சம்.

அப்போது எங்கள் பக்கம் முழுக்க ஒரு பயம் பரவியிருந்தது. 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வரும். தொட்டால் போதும், பேங்கில் இருப்பதை வழித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு நூல் வியாபாரி அப்படி எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் ஊருக்கெல்லாம் பிரசங்கி ஆகிவிட்டேன். மாமனார் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, மட்டன் குழம்பு சாப்பிட்ட கையோடு அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"மாமா, ஃபைன் கட்டுன்னு எது வந்தாலும் ஃப்ராடு. தொடாதீங்க, அழிச்சிடுங்க. ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதீங்க. என் கொரல் மாதிரியே பேசுவானுங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "நீங்க இல்லன்னா எங்களுக்கு யாரு மாப்ள இதெல்லாம் சொல்றது" என்றார். எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு வந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி போன் வரும். "மாப்ள, இன்னொரு ஃப்ராடு வந்துச்சி. அழிச்சிட்டேன்." கொசு அடித்தவரின் திருப்தி அவர் குரலில் இருக்கும். "சூப்பர் மாமா" என்பேன். ஒருமுறை யாரோ ஊர்க்காரர் மெசேஜுக்குள் இருந்த போட்டோவை அவருக்குத் திறந்து காட்டிவிட்டார். அதை எனக்கு அனுப்பினார். மங்கலாக ஒரு பைக், பின்னால் ஒரு நீல மூட்டை.

"இது நம்ம வண்டி மாதிரி கீதே மாப்ள?"

"கம்ப்யூட்டர் செய்யறது மாமா. இப்பல்லாம் நம்ம மூஞ்சியையே செஞ்சி காட்டுவானுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நானும் அதை நம்பினேன். நான் சொல்வதை முதலில் நம்பும் ஆள் எப்போதும் நான்தான்.

மாம்பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாகத் திரளும் பருவத்தில் மாமனார் வீட்டுக்கு இரண்டு பேர் முதல்முறை வந்தார்கள். மாமனார் போனில் சொன்னார். ஒருவர் வயதானவர், வெள்ளைச் சட்டை. இன்னொருவன் கிராப்பு வெட்டிய வாட்டசாட்டமான ஆள். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்தாராம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். தெலுங்கில், உங்கள் பேரில் நிறைய ஃபைன் நிற்கிறது, கோர்ட்டுக்குப் போய்விட்டது, கட்டிவிட்டால் நல்லது என்றாராம்.

"யூனிஃபார்ம் போட்டுகினு வந்தாங்களா மாமா?"

"இல்ல மாப்ள."

"ஜீப்பு?"

"பைக்லதான் வந்தாங்க."

"எப்டிக் கட்டச் சொன்னாங்க?"

"போன்லியே கட்டலாம்னாங்க."

"பாத்தீங்களா! போன்ல கட்டச் சொன்னான்ல, அதான் ஃப்ராடு. நெஜமானவங்கன்னா ஜீப்புல வருவாங்க மாமா. இப்ப வூட்டுக்கே வர ஆரம்பிச்சிட்டானுங்க. அடுத்த தபா வந்தா புடிச்சிக் கொட்டாயில கட்டிப் போடுங்க, நான் வந்து பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை. "சரி மாப்ள" என்றார். என் மாமனார் சொன்னதைச் செய்கிற மனிதர் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அன்று சாப்பிடும்போது என் மனைவி தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "எங்க நைனாவுக்கு வர்ற ஃப்ராடுக்கெல்லாம் நம்ம வண்டி நம்பர் எப்டித் தெரியுது?"

"அதாண்டி அவனுங்க தெறம."

"நீங்க திருப்பதிக்குப் போற அன்னிக்கி மட்டும் வருதே, அதுவும் தெறமையா?"

எனக்குப் புரை ஏறியது. அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் அலிபிரியில் மூட்டையை இறக்கிவிட்டு, வேப்பமர நிழலில் நின்றுகொண்டு, அரசாங்கத்தின் இணையப் பக்கத்தைத் தேடித் திறந்து வண்டி நம்பரைப் போட்டேன். வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு திறந்தது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

வண்டியில் போகிற என்னை அதுவரை நான் பார்த்ததில்லை. வடமாலப்பேட்டையில் நான். புத்தூரில் நான். மழையில், வெயிலில், பண்டிகைக்கு எடுத்த சட்டையில். எல்லாப் படத்திலும் எனக்குப் பின்னால் நீல மூட்டை, எனக்கு முன்னால் டேங்கின் மேல் பத்திரமாக ஹெல்மெட். ஒரு படத்தில் இருந்த சட்டையைத்தான் அப்போதும் போட்டிருந்தேன். சுற்றிலும் திரும்பிப் பார்த்தேன். எதிர்க் கம்பத்தில் ஒரு கேமரா இருந்தது. ஊரில் இவ்வளவு பேர் போய்வரும்போது அது என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பட்டது. தூக்கிச் செருகியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அதற்கும் ஏதாவது போடுவார்களோ என்று.

பாதிக்கு மேல் கோர்ட்டுக்குப் போய்விட்டதாகக் காட்டியது. திருப்பதியில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம், யாரோ ஒருவருக்கு என்பதுபோல் விசாரித்தேன். அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார். "கட்டலன்னா அமீனா வருவாரு. கோர்ட்டு ஆர்டர வூட்டுக்கே எடுத்தாந்து ஜப்தி பண்றவரு. வண்டி யாரு பேர்ல கீதோ அவங்க வூட்ல அசையறது எது கெடச்சாலும் எடுத்துகினு போவாங்க."

அந்த வீட்டில் அசையக்கூடியது ஒன்றுதான் இருந்தது. டிராக்டர்.

மாமனாருக்கு டிராக்டர் என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். வருடத்தில் ஒரு முறை பெங்களூரா மாங்காய் அறுப்பு. மாங்கூழ் ஃபாக்டரியில் டோக்கன் போட்டு, அவர்கள் சொல்கிற நாளில் லோடு போய் நிற்க வேண்டும். அன்றைக்குத் தவறினால் அடுத்த டோக்கன் எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள், காயோ காத்திருக்காது. சீசனில் வாடகைக்கு ஒரு வண்டி கிடைக்காது. டிராக்டர் போனால் அந்த வருடமே தோப்பில் கிடந்து அழுகும்.

சரி, சத்தமில்லாமல் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். துண்டுக் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டேன். பக்கத்தைத் திறந்து, கேட்டதையெல்லாம் போட்டு, கடைசி பட்டனை அழுத்தினேன். 'பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது' என்று வந்தது. பதிவு செய்யப்பட்ட எண், மாமரத்தடியில் இருந்தது.

போன் செய்தேன்.

"மாமா, இப்ப ஒரு நம்பர் வந்திருக்குமே?"

"வந்துகீது மாப்ள."

"அத்தக் கொஞ்சம் சொல்லுங்க."

ஜாக்கிரதையாக ஒரு குரல் வந்தது. "நீங்க யாரு?"

"நான்தான் மாமா, உங்க மாப்ள."

"கொரல் அவரு மாதிரிதான் கீது. ஆனா அவரே கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு அவரே சொல்லிகிறாரு."

"மாமா, சத்தியமா நான்தான். போன ஞாயித்துக்கெழம நாட்டுக்கோழி துன்னனே…"

"அதெல்லாம்கூடத் தெரிஞ்சி வெச்சிகினு கீறியா! வெய்யிடா போன!"

வாழ்க்கையில் என் பாடத்தை இவ்வளவு சுத்தமாகப் படித்த ஒரே மாணவர் அவர். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார், மூச்சு வாங்க. "மாப்ள, இப்ப ஒருத்தன் உங்க கொரல்லியே பேசினான். வுடலியே நானு!"

அந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "அது நான்தான் மாமா" என்று பாதி வந்தது. மீதி வேறு மாதிரி வந்தது. "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். நீங்க பாஸ்."

அவர் சிரித்த சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த யாரிடமோ, "எங்க மாப்ள டெஸ்ட் வெச்சாரு, பாஸாயிட்டேன்" என்று சொன்னதும் கேட்டது.

அறுப்பு முடியட்டும், நேரில் போய்க் காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆனால் தூக்கம் போய்விட்டது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் தலையணைக்கு அடியில் செருகினேன். எங்கள் தெருவில் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவரைக் கண்டு நான் பின்கட்டுக்கு ஓடி, தறி ஷெட்டில் ஒளிந்துகொண்டேன்.

அந்த இரண்டு பேர் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை ஃபைனைப் பற்றி ஒன்றுமே பேசவில்லையாம். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு டிராக்டரிடம் போய், சந்தையில் காளையைத் தடவிப் பார்ப்பதுபோல் பானெட்டைத் தடவினாராம். கூட வந்தவன் குனிந்து, டார்ச் அடித்து, சேசிஸ் நம்பரைப் போனில் படம் எடுத்தானாம். போகும்போது பெரியவர் தோப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கோத்த எப்புடு?" என்று கேட்டாராம். அறுப்பு எப்போது.

"நல்ல மனுசன் மாதிரிதான் மாப்ள கீறாரு. ஃப்ராடுக்காரனுக்கு எதுக்கு நம்ம அறுப்புத் தேதி?"

"தேதி சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன். வாயில வந்துச்சி. ஆனா நீங்க கவலப்படாதீங்க. அடுத்த தபா வந்தா கட்டிப் போடச் சொன்னீங்க இல்ல? ஆளுங்களுக்குச் சொல்லி வெச்சிகிறேன். கவுறும் ரெடியா கீது."

"ஐயோ மாமா, அது தமாசுக்குச் சொன்னது! கட்டாதீங்க! கட்டவே கட்டாதீங்க!"

"அப்ப வந்தா இன்னா பண்றது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒக்கார மட்டும் வைங்க மாமா" என்றேன்.

ஃபாக்டரி டோக்கனில் போட்டிருந்த நாளில் நான் அலிபிரியில் பாதி மூட்டையை இறக்கியிருந்தேன். போன் அடித்தது. மாமனார் கிசுகிசுத்தார். "மாப்ள, வந்துட்டாங்க. லோடு ஏத்தி முடிச்சோம், கரெக்டா வந்து டிராக்டர் சாவியக் கேக்கறாங்க. நீங்க சொன்ன மாதிரியே ஒக்கார வெச்சிகிறோம். அவங்க போன வாங்கி வெச்சிட்டோம். பசங்க கொஞ்சம் சூடாகீறாங்க, சீக்கிரம் வாங்க."

கோர்ட்டு ஆளைப் பிடித்து உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. டிராக்டர் மட்டும் என்றிருந்தது, இப்போது மாமனாரே சேர்ந்துவிட்டார்.

மீதி மூட்டையை அப்படியே நீலத் தார்ப்பாயில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றுதான் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினேன். வழியில் யாராவது நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. பின்னால் மூட்டை இடிக்க, கழுத்து முன்னால் வளைய, கோர்ட்டில் நிற்கிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டே புத்தூர் தாண்டி, கார்வேட்டிநகரம் தாண்டிப் போனேன். வழியெல்லாம் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மாமனார் இருக்கிறாரா என்று பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

தோப்புக்குள் நுழைந்ததும் எனக்குப் பயம் தந்தது அமைதிதான். அறுப்பு நாளில் அங்கே அவ்வளவு அமைதி இருக்கக்கூடாது. கொட்டகை வாசலில் அறுப்புக்கு வந்த ஆட்கள் தொரட்டுக் கோல்களை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அந்த இரண்டு பேர். அவர்களுக்கு முன்னால் ஒரு தட்டில் மாங்காய் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்திருந்தது. யாரும் தொடவில்லை. தூணோரம் சுருட்டி வைத்த புதுக் கயிறு. லோடு ஏற்றிய டிராக்டரின் பானெட்மேல் இருவர் போனும் கிடந்தன; வாட்டசாட்டமானவனுடையது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

மாமனார் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "தோ, எங்க மாப்ள வந்துட்டாரு. அவராண்ட பேசுங்கடா உங்க ஃப்ராட!"

ஆட்கள் வழிவிட்டார்கள். ஒருவன் கோலைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "ண்ணா, ஒரு வார்த்த சொல்லு, ரெண்டு பேரயும் கெணத்துல எறக்கிடறோம்" என்றான். அவன் சிரிக்கவில்லை.

பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வண்டியின் நம்பரைப் பார்த்தார். பிறகு நீல மூட்டையைப் பார்த்தார். ரொம்ப நாள் போட்டோவில் பார்த்த சொந்தக்காரனை நேரில் பார்த்ததுபோல் அவர் கண்ணில் ஒரு சின்ன அசைவு. போன் பானெட்டின்மேல் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. அவர் அதைக் காட்டி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "பாபு, ஆ ஃபோனு எத்தகபோத்தே ஜீப்பு வஸ்துந்தி."

அந்தப் போனை எடுக்காவிட்டால் ஜீப் வரும். நெஜமானவங்கன்னா ஜீப்புல வருவாங்க என்று சொன்ன வாய் என்னுடையது. மாமனாருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் பார்வை போனிலிருந்து என்மேல் வந்து நின்றது.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கினேன். "மாமா, இவங்க நெஜம்."

"இன்னா மாப்ள?"

"கோர்ட்டு அமீனா மாமா. கூட கீறவரு போலீசு. எல்லாம் நெஜம். மெசேஜும் நெஜம்."

"அப்ப ஃப்ராடு?"

"நான்தான்."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என்னையறியாமல் நானே கொஞ்சம் சிரித்தேன். கோல் ஊன்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கயிற்றைக் காலால் மெல்லத் தள்ளித் தூணுக்குப் பின்னால் மறைத்தான்.

பெரியவர் எழுந்து, பானெட்மேல் கிடந்த தன் போனை எடுத்து மாமனாரிடம் நீட்டினார். மாமனார் வாங்கிப் பார்த்தார். விரலால் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே போய், என் வண்டியிடம் நின்று, மூட்டையின் தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார். மழையில் துண்டு நனையக்கூடாது என்று அவர் தோப்பிலிருந்து எடுத்து, ஓரத்தைத் தாமே தைத்துக் கொடுத்த தார்ப்பாய் அது. கோணலான அந்தத் தையல் படத்திலும் தெரிந்தது.

"இதுவும் கம்ப்யூட்டர் செஞ்சதா?" என்றார்.

மாங்காய்த் தட்டின் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

போன் மறுபடி அடித்தது. மாமனார்தான் அதை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கையாலும் போலீஸ்காரனிடம் நீட்டினார். போலீஸ்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பெரியவரைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொட்டகையில் நின்ற எல்லோரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம்.

பெரியவர் தட்டிலிருந்து ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "டீ தாகுதுன்னாமனி செப்பு" என்றார்.

டீ குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று போலீஸ்காரன் போனில் சொன்னான்.

பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. ஆர்டர் இவர் பேரில், டிராக்டரும் இவர் பேரில், ஆனால் இந்த பைக்கும் இவர் பேரில்தானே என்றார் பெரியவர். இத்தனை நாளாக அது இங்கே இல்லாததால்தான் டிராக்டரைப் பார்த்தோம் என்றார். அவர் பேச்சு முடிவதற்குள் நான் சாவியை அவர் கையில் வைத்துவிட்டேன். மூட்டையை அவிழ்த்துக் கீழே இறக்கினேன். வண்டி திரும்ப வேண்டுமென்றால் யார் பேரில் இருக்கிறதோ அவரே கோர்ட்டில் வந்து நின்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் விளக்கினார். மாமனார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காத மனிதர், கோர்ட்டு எந்தத் தெரு என்று அமீனாவிடம் பணிவாக வழி கேட்டார்.

பெரியவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். போலீஸ்காரன் என் பைக்கை உதைத்துக் கிளப்பினான். பெட்ரோல் டேங்க் வெயிலில் பளபளத்துக்கொண்டு, கீறலில்லாமல், தோப்பைத் தாண்டிப் போனது.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கெணத்துல எறக்கிடறோம் என்றவன் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் மனதில் கிணறு இன்னும் இருந்தது என்று நினைக்கிறேன்.

மாமனார் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். டோக்கனைச் சட்டைப் பையில் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எஞ்சின் கிளம்பியது. மாங்காய் லோடு ஒருமுறை குலுங்கி அடங்கியது. நான் கழற்றிய ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டையின் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து பஸ் நிற்கும் இடம் ரொம்பத் தூரம். அவருக்குப் பக்கத்தில் மட்கார்டில் இடம் இருந்தது. கல்யாணமான புதிதில் தோப்பைச் சுற்றிக் காட்ட என்னை அங்கேதான் உட்காரவைத்துக்கொண்டு போவார்.

"மாமா," என்றேன், எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி. "பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நானும் ஏறிக்கட்டுமா?"

அவர் கியரைப் போட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஹெல்மெட் கீது இல்ல, மாட்டிகினு நட."